சென்சார் பெட்ரோலைப் பார்ப்பதில்லை

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்கேனர் பி0171 என்ற கோளாறுக் கோடு காட்டியது, ஆக்சிஜன் சென்சாரை மாற்றினோம், செக் இன்ஜின் விளக்கு மறுபடியும் எரிகிறது, புது சென்சாரும் டூப்ளிகேட்டா ஐயா என்று கேட்டிருக்கிறாய். டூப்ளிகேட்டாகவும் இருக்கலாம். எனக்கு எரிச்சல் வந்தது அதனால் இல்லை. கோடைப் பார்த்த கையோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனாயே, அதனால்தான். பி0171 என்றால் சென்சார் கெட்டுவிட்டது என்று யார் சொன்னது? கலவை லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக, இருக்கிறதென்று சென்சார் சொல்கிறது, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் அந்தப் பேச்சு மாறவில்லை, அவ்வளவுதான் அந்தக் கோடு. சாட்சி சொன்னவனையே பிடித்துக் கூண்டில் ஏற்றியிருக்கிறாய்.

14.7க்கு 1, லாம்டா எல்லாம் உனக்குப் பாடம், அதை விட்டுவிடுகிறேன். பாடத்தில் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு. அந்த சென்சாருக்குப் பெட்ரோல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஜிர்கோனியா பீங்கானின் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. இரண்டிலும் உள்ள ஆக்சிஜனின் வித்தியாசம்தான் வோல்டேஜாக வருகிறது. புகையில் ஆக்சிஜன் குறைந்தால் 0.9 வோல்ட் பக்கம் ஏறும், மிஞ்சினால் 0.1 பக்கம் இறங்கும். பெட்ரோல் கூடவா குறைவா என்பது அதிலிருந்து நாம் செய்துகொள்ளும் ஊகம்.

அந்த ஊகம் எங்கே கவிழ்கிறது, பார். நான்கு சிலிண்டரில் ஒன்று மிஸ்ஸிங் அடிக்கிறது என்று வை. காயில் போயிருக்கலாம், பிளக் பீங்கானில் மயிரிழை விரிசல் இருக்கலாம். உள்ளே போன பெட்ரோலும் எரியாமல் வெளியே வருகிறது, காற்றும் எரியாமல் வெளியே வருகிறது. சைலன்சரில் பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கும். சென்சாரோ அந்த எரியாத ஆக்சிஜனை மட்டும் பார்த்து 'லீன்' என்கிறது. கம்ப்யூட்டர் அதை நம்பி நல்ல சிலிண்டர்களுக்கும் சேர்த்துப் பெட்ரோலைக் கூட்டுகிறது. மைலேஜ் விழுகிறது, பிளக் கறுக்கிறது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறிச் சாகிறது. வண்டி ரிச், ஸ்கேனர் லீன்! இந்த நிலையில் எத்தனை புது சென்சார் போட்டாலும் எல்லாம் ஒரே வாக்குமூலத்தைத்தான் கொடுக்கும், ஏனென்றால் அது உண்மை. புகையில் ஆக்சிஜன் இருக்கிறதே!

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஒழுகினாலும் இதே கதைதான். புகை துடித்துத் துடித்து வருவதால், இரண்டு துடிப்புக்கு நடுவே அந்த ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து காதைக் கொடு. 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் அடங்கிவிடும். டார்ச் அடித்தால் இணைப்பின் ஓரத்தில் கரிக்கோடு தெரியும். பழைய வண்டியில் பாதிக்கு மேல் இதுதான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் உண்டு, அவர்கள் டார்ச் அடித்துப் பார்க்காதவர்கள்.

சென்சாரைச் சோதிக்க ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். டெஸ்ட் லாம்ப்பைக் கிட்டே கொண்டுபோகாதே. இன்ஜின் நன்றாகச் சூடான பின், கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய ஊசியை சிக்னல் ஒயரில் செருகி, 2500 ஆர்.பி.எம்.மில் வை. எண் 0.1க்கும் 0.9க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று கொடுத்தால் மேலே ஓட வேண்டும், விட்டால் கீழே விழ வேண்டும். இப்படி ஓடினால் சென்சார் நல்லது, மேலே சொன்ன இடங்களைத் தேடு. சோம்பலாக நகர்ந்தால் கிழடு. 0.45லேயே அசையாமல் நின்றால் சென்சார் சூடேறவில்லை, அல்லது ஒயர் அறுந்திருக்கிறது. பல வண்டிகளில் அந்த 0.45 கம்ப்யூட்டரே கொடுத்து வைக்கும் வோல்டேஜ். ஐந்து ஒயர் உள்ள வைட்பேண்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

சூடு என்றதும் விஞ்ஞானி நெர்ன்ஸ்ட் ஞாபகத்துக்கு வருகிறார். சென்சாரின் வோல்டேஜ் கணக்கு அவருடைய சமன்பாடுதான், 1889இல் வந்தது, பரீட்சைக்குப் படித்திருப்பாய். அதே ஜிர்கோனியாப் பீங்கானில் அவர் 1897இல் ஒரு விளக்குச் செய்தார், அதைப் பாடத்தில் சொல்வதில்லை. குளிர்ந்திருக்கும்போது அந்தக் குச்சியில் மின்சாரம் பாயாது. தனியாக ஒரு ஹீட்டர் அதைச் சூடாக்கிவிட்ட பிறகுதான் எரியும். டங்ஸ்டன் பல்பு வந்து அதை ஒழித்துக்கட்டியது. நெர்ன்ஸ்டுக்கோ கார்ப் பைத்தியம் வேறு! பாஷ் கம்பெனியின் சென்சார் 1976இல் கலிபோர்னியாவுக்குப் போன வால்வோ கார்களில் ஏறியபோது அவர் இறந்து 35 வருஷம். ஆரம்ப கால சென்சாருக்கு ஹீட்டர் கிடையாது, புகையின் சூட்டையே நம்பியிருந்தது. ஹீட்டர் பின்னால் சேர்ந்தது. நெர்ன்ஸ்ட் விளக்கைப் பற்றி முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சரி, உன் வண்டிக்கு வருகிறேன்.

பி0135 வந்தால் அது ஹீட்டர் விவகாரம். அப்போதும் ஃபியூஸை முதலில் பார், அப்புறம் கப்ளரில் 12 வோல்ட் வருகிறதா என்று பார். ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு ஒயர்தான் பெரும்பாலும் ஹீட்டர். அவற்றுக்கு நடுவே சில ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் சென்சாரை மாற்று, நான் தடுக்கவில்லை.

கழற்றும்போது இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கட்டும். முதல் நாள் இரவே மரையில் துரு இளக்கும் எண்ணெய் விடு. ஒயர் நுழையப் பிளவு வைத்த 22 மி.மீ. சாக்கெட் வாங்கு, ஓப்பன் ஸ்பானரால் முனையை மழுக்கிவிட்டு எனக்குக் கடிதம் எழுதாதே. புதியதைக் கீழே போட்டுவிடாதே, உள்ளே இருப்பது பீங்கான். ஆன்டி-சீஸ் பசை மரைக்கு மட்டும், அதுவும் ஏற்கெனவே பூசி வந்திருந்தால் வேண்டாம். நுனியில் ஒரு பொட்டுக்கூடப் படக் கூடாது. ஒயரைச் சால்டர் செய்யாதே. பல சென்சார்களுக்கு வெளிக்காற்று அந்த ஒயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் போகிறது, ஈயம் அதை அடைத்துவிடும்.

இன்னொன்று. கழற்றிய பழைய சென்சாரைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? நுனியில் வெள்ளை மாவு படிந்திருந்தால் உங்கள் ஒர்க்ஷாப்பில் கண்ட இடத்திலெல்லாம் தடவும் சிலிக்கான் பசைமேல்தான் எனக்குச் சந்தேகம். சுத்தமாக இருந்தால் மல்டிமீட்டரில் ஓடவிட்டுப் பார்த்து, ஆடும் எண்களை எழுதி அனுப்பு. கடை ரசீது எனக்கு வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்