நிமிர்த்தி வைத்த சுருள்



மின்காந்தத் தூண்டலைப் பள்ளி நாள்தொட்டுப் படித்து வருகிறோம். 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே கண்ட உண்மை அது. கம்பிச் சுருளின் வாய்வழியே செல்லும் காந்தப் பாயம் மாறும்போது மட்டுமே அதில் மின்னியக்கு விசை எழும். மாற்றம் எவ்வளவு விரைவோ, விசை அவ்வளவு பெரிது. தென்காசியிலிருந்து படிக்க வந்த நான் இவ்விதியை ஒப்பிக்க வல்லவனாயிருந்தேன். ஆனால் அது திருவனந்தபுரத்தில் எவ்வாறு நடக்கும் என்பதை அறியேன்.

பூமியின் காந்தப் புலத்தை அளக்க 200 சுற்றுச் சுருள் ஒன்றை எடுத்தேன். அதன் பரப்பு 0.05 சதுர மீட்டர். நூலிலுள்ள படத்தைப் போலவே அதை மேசைமேல் கிடத்தி, கால்வனாமீட்டருடன் இணைத்து, சட்டெனப் புரட்டினேன். ஒளிப்புள்ளி அசைந்ததாகவே தோன்றவில்லை. கம்பி அறுந்திருக்குமோ என ஒரு மணி நேரம் இணைப்புகளைச் சோதித்தேன். கருவியில் குறையில்லை, குறை என் நினைப்பில் இருந்தது!

அந்தப் படம் எந்த நாட்டுக்காக வரையப்பட்டது? இலண்டனில் காந்தக் கோடுகள் கிடைமட்டத்துக்கு ஏறத்தாழ 66 பாகை சாய்ந்து நிலத்துள் இறங்குகின்றன. அங்கே கிடத்திய சுருளின் வழியே அவை நிறையச் செல்லும். நம் ஊரோ காந்த நடுக்கோட்டை அடுத்துள்ளது. இங்கே கோடுகள் தரையோடு தரையாகத் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகின்றன. கிடத்திய சுருளை அவை உரசிச் செல்லுமேயன்றி ஊடுருவா.

சுருளை நிமிர்த்தி, அதன் முகத்தை வடக்கு நோக்கி வைத்து, அரைச்சுற்றுத் திருப்பினேன். ஒளிப்புள்ளி துள்ளியது! கணக்கும் எளிதே. இங்குள்ள புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. அரைச்சுற்றில் பாயம் முழுவதும் தலைகீழாவதால் மாற்றம் இரு மடங்கு. 0.2 நொடியில் திருப்பினால் சராசரி விசை 4 மில்லிவோல்ட்.

சுருளைத் திருப்பாமலே விட்டால் என்ன ஆகும்? அப்போதும் பாயம் மாறத்தான் செய்கிறது. பகலில் நம் தலைக்குமேல் ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் பாய்கிறது. காலையிலிருந்து நண்பகலுக்குள், ஏறத்தாழ 5 மணி நேரத்தில், அது இங்குள்ள புலத்தைச் சில நாட்களில் 100 நானோடெஸ்லா வரை உயர்த்துகிறது. ஆயினும் மாற்றம் மிக மெதுவானது. என் சுருளில் எழும் விசை ஒரு வோல்ட்டின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கைக்கூட எட்டாது.

ஆனால் நிலமும் கடலுமே மாபெரும் சுருள்களாகும்போது கதை வேறு. மாறும் புலம் உப்பு நீரில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அது பாக்கு நீரிணையில் நெருங்கிப் பாய்வதை ஆய்வாளர் காட்டியுள்ளனர்.

இத்தகைய மாற்றங்களை அளப்பது இவ்வூருக்குப் புதிதன்று. சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் இங்கே வானாய்வுக் கூடம் அமைத்தார். 1852-இல் அதன் பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரூன், அகத்தியமலை மீதும் காந்த ஆய்வகம் நிறுவி அளந்தார். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதே காந்த நடுக்கோடுதான்.

நண்பர்களே, இயற்கை விதி எந்நாட்டுக்கும் ஒன்றே; நூலிலுள்ள படம் அவ்வாறன்று. அடுத்த முறை படத்தைப் பார்க்குமுன், நாம் நிற்கும் மண்ணில் காந்தக் கோடு எப்பக்கம் ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். நான் அதைக் கேட்கத் தவறியதால் இழந்தது ஒரு மணி நேரம். அதனால் பெற்ற பாடமோ ஆயுளுக்கும் உதவும்.