இல்லாத நாட்டிற்கு ஒரு கொடி

முன்னுரை

உலகில் இல்லாத ஒன்றை உவமையாக எடுத்துக்காட்டுவதை இல்பொருள் உவமை என்பர் அணியிலக்கணத்தார். அங்ஙனம் காட்டப்படும் பொருள் இல்லாததாயினும், அதனை ஆக்கும் உறுப்புகள் யாவும் உலகில் உள்ளனவே. இரண்டு ஞாயிறு ஒருங்கே எழுந்தாற்போல எனக் கூறுமிடத்து, ஞாயிறு உள்ளது. இரண்டு என்னும் எண்ணும் உள்ளது. அவை கூடிய கூட்டமே இல்லாதது.

வரலாற்றிலும் இவ்வகைப் புனைவு உண்டு. நிகழ்ந்த ஒன்று நிகழாதிருப்பின் உலகம் எவ்வாறு அமைந்திருக்கும் என எண்ணிப் பார்ப்பதை மாற்று வரலாறு என வழங்குகின்றனர். அவ்வாறு கற்பிக்கப்படும் நாடுகளுக்குக் கொடி வரைதலில் மேலைநாட்டார் பலர் ஈடுபட்டு வருகின்றனர். இது வெறும் பொழுதுபோக்காகத் தோன்றலாம். ஆயினும், ஒரு நாட்டில் யார் யாருக்கு இடம் உண்டு என்னும் பெரிய வினா இதனுள் அடங்கியுள்ளது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாளறிந்து வரைதல்

அமெரிக்க வரலாற்றாசிரியர் இராபர்ட் சோபெல், 'ஃபார் வாண்ட் ஆஃப் எ நெயில்' என்னும் நூலை 1973-இல் வெளியிட்டார். 1777-இல் நடந்த சரடோகா போரில் பிரித்தானியப் படை வென்றிருந்தால் என்பதே அந்நூலின் கரு. அடிக்குறிப்புகளையும் தாமே புனைந்து, கல்லூரிப் பாடநூல் போலவே அதனை அவர் அமைத்துள்ளார். அதில் குடியேற்ற நாடுகள் பிரித்தானிய முடியின்கீழ் ஒரு கூட்டமைப்பாகின்றன. பணிய மறுத்தோர் தென்மேற்கே பெயர்ந்து வேறொரு நாட்டை அமைக்கின்றனர்.

இவ்விரு நாடுகளுக்கும் கொடி வரையப் புகும் மாணவர் முதற்கண் நாட்களை நோக்குதல் வேண்டும். 1775-இன் இறுதியில் குடியேற்ற நாட்டார் உயர்த்திய கொடியில் பதின்மூன்று பட்டைகளும் மூலையில் பிரித்தானியக் கொடியும் இருந்தன. உரிமை வேண்டும், ஆயினும் அரசரை விட்டு நீங்கோம் என்பது அதன் குறிப்பு. 1777 ஜூன் 14-ஆம் நாள் தீர்மானத்தில்தான் மூலையிலிருந்த பிரித்தானியக் கொடியின் இடத்தைப் பதின்மூன்று விண்மீன்கள் பெற்றன. சரடோகாவில் பர்கோய்ன் சரணடைந்தது அவ்வாண்டு அக்டோபர் 17-இல். ஆகவே விண்மீன் கொடி அப்போர் முடிவுக்கு நான்கு திங்கள் மூத்தது. தோற்றுப் பெயர்ந்தோர் அதனை உடன்கொண்டு சென்றிருத்தல் கூடும். வென்ற அரசோ கலகத்தை நினைவூட்டும் பட்டைகளை விட்டுவைத்திராது. அக்காலப் பிரித்தானியக் கொடியில் அயர்லாந்துக்குரிய சிவப்புச் சாய்குறுக்கையும் இல்லை. அது 1801-இல் சேர்ந்தது. இத்துணைச் செய்திகளையும் அறிந்த பின்னரே தூரிகையை எடுத்தல் தகும்.

இந்தியா என்னும் இல்பொருள்

1947-க்கு முன் விடுதலை பெற்ற இந்தியாவும் ஓர் இல்பொருளே. அந்நாட்டிற்கும் பலர் கொடி வரைந்தனர். 1907 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் நடந்த பன்னாட்டுச் சோசலிச மாநாட்டில் மேடம் காமா உயர்த்திய கொடியில் எட்டுத் தாமரைகளும், ஞாயிறும் பிறையும் இடம்பெற்றன.

1917-இல் அன்னி பெசன்ட் அம்மையாரும் திலகரும் முன்னிறுத்திய தன்னாட்சி இயக்கக் கொடி தனித்து ஆராயத்தக்கது. அதில் சிவப்புப் பட்டைகள் ஐந்தும் பச்சைப் பட்டைகள் நான்கும் மாறிமாறி அமைந்தன. அவற்றின்மேல் ஏழு விண்மீன்கள் சப்தரிஷி மண்டல வடிவில் திகழ்ந்தன. ஒரு மூலையில் பிறையும் விண்மீனும், மற்றொரு மூலையில் பிரித்தானியக் கொடியும் இருந்தன. அமெரிக்கர் 1775-இல் குறித்த அதே கருத்தை இக்கொடியும் குறித்தது எனலாம். பேரரசுக்குள்ளேயே தன்னாட்சி பெற்ற இந்தியா என ஒரு மாற்று வரலாற்றை எழுதுவோர்க்கு, கொடி முன்னமே வரையப்பட்டுள்ளது என்பது எண்ணத்தக்கது.

1921-இல் பிங்கலி வெங்கையா காந்தியடிகளிடம் அளித்த கொடியில் சிவப்பு இந்துக்களையும் பச்சை முஸ்லிம்களையும் குறித்தன. காந்தியடிகள் ஏனையோர்க்கென வெண்மையையும், நடுவில் இராட்டையையும் சேர்க்கச் சொன்னார். நிறத்தைச் சமயத்துக்கு உரியதாக்கியபோது பூசலும் உடன்வந்தது. சீக்கியர் தமக்கும் நிறம் வேண்டினர். 1931-இல் அமைந்த கொடிக் குழு, இராட்டையுடன் கூடிய முழுக் காவிக் கொடியைப் பரிந்துரைத்தது; காங்கிரசுப் பேரவை அதனை ஏற்கவில்லை. அவ்வாண்டே காவி, வெண்மை, பச்சை என மூவண்ணம் முடிவாயிற்று. வீரமும் தியாகமும், வாய்மையும் அமைதியும், நம்பிக்கையும் மாண்பும் என நிறங்களுக்குப் பண்புகளே பொருளாக உரைக்கப்பட்டன. 1947 ஜூலை 22-இல் அரசியல் நிர்ணய சபை இராட்டைக்கு ஈடாக 24 ஆரங்கள் கொண்ட சக்கரத்தை ஏற்றது.

நிறத்தை ஒரு பிரிவினர்க்கு உரியதாக்கினால், நிறம் பெறாதவர் புறத்தே நிற்க நேரும். பண்புக்கு உரியதாக்கினால் எவரும் அதனைத் தமதெனக் கொள்ளலாம். இஃது இக்கொடி வரலாறு நல்கும் பாடமாகும்.

டமாஸ்கசில் நில்லாத அரசு

1920 மார்ச்சில் டமாஸ்கசில் ஃபைசல் மன்னராக அறிவிக்கப்பட்டார். கறுப்பு, வெள்ளை, பச்சை, சிவப்பு என்னும் அரபுப் புரட்சியின் நிறங்களோடு ஒரு வெண்விண்மீனும் அவ்வரசின் கொடியில் இருந்தது. அவ்வாண்டு ஜூலை 24-இல் மைசலூன் போரில் பிரெஞ்சுப் படை வென்றதால் அரசு வீழ்ந்தது. எனினும் கொடி முற்றும் மறையவில்லை. அதனையொத்த ஏழுமுனை விண்மீன் கொடி ஜோர்தானில் பறக்கிறது. அவ்வேழு முனைகள் அல்ஃபாத்திஹாவின் ஏழு வசனங்களைக் குறிப்பதாகக் கூறுவர்.

ஃபைசலின் அரசு நிலைத்ததாகக் கொண்டு கொடி வரைவோர் ஒரு வினாவைக் கடத்தல் அரிது. அந்நான்கு நிறங்களும் அப்பாசியர், உமையாக்கள், ஃபாத்திமியர், ஹாஷிமியர் ஆகிய அரசமரபுகளைக் குறிப்பன. அவ்வரசு உரிமை கோரிய நிலத்தில் வாழ்ந்த லெபனான் மலைக் கிறிஸ்தவர்க்கு அவற்றில் இடம் யாது? அவர்தம் கேதுரு மரம் அக்கொடியில் ஏறுமா? விடை எதுவாயினும், கற்பனை நாட்டின் அரசியல் அவ்விடையில் வெளிப்பட்டுவிடும்.

மக்கள் ஏலாத கொடி

2004 ஏப்ரலில் ஈராக்கின் ஆட்சிக்குழு ஒரு புதிய கொடியை அறிவித்தது. வெண்ணிற நிலத்தில் நீலப் பிறை. டைகிரிஸ், யூப்ரடீஸ் ஆறுகளுக்கு இரண்டு நீலக்கோடுகள். குர்து மக்களுக்கு இடையே ஒரு மஞ்சள்கோடு. கருத்து நன்றே. ஆயினும் பழகிய நிறங்கள் அகற்றப்பட்டமையாலும், இஸ்ரேலியக் கொடியின் சாயல் தோன்றியமையாலும் மக்கள் வெகுண்டனர். அக்கொடி நடைமுறைக்கு வரவில்லை. வணங்க வேண்டியவரின் நினைவை எண்ணாது வரையப்படும் கொடி ஏட்டளவிலேயே நின்றுவிடும் என்பதற்கு இது சான்றாகும்.

முடிவுரை

கற்பனை நாட்டிற்குக் கொடி வரைய விழையும் மாணவர் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளுதல் நலம். எந்த நாளில் வரலாறு திரும்பியது? அந்நாளில் அந்நிலத்தில் வழங்கிய சின்னங்கள் யாவை? அக்கொடியின் கீழ் நிற்போருள் விடுபட்டவர் யார்? முதலிரண்டும் படிப்பால் விளங்கும். மூன்றாவதற்குப் படிப்போடு பிறர் நிலையில் நின்று நோக்கும் உள்ளமும் வேண்டும். அவ்வுள்ளத்தைப் பழக்குதற்கு இத்தகைய புனைவு நல்லதொரு பயிற்சி என்பதே இக்கட்டுரையால் பெறப்படும் முடிபாகும்.