முன்னேறும் ஆவலும் பேராசையும்

முஃமினான ஒரு வியாபாரி தன் கடையைப் பெருக்க நினைக்கலாமா? ஒரு கடையை இரண்டாக்க விரும்புவது துன்யாவின் மோகமாகாதா? பேணுதலுள்ள பலருக்கு இந்தச் சந்தேகம் எழுவதுண்டு. சிலர் இதற்குப் பயந்து முயற்சியையே கைவிடுகின்றனர். வேறு சிலரோ, “வியாபாரம் ஹலால்தானே!” என்று சொல்லிக்கொண்டு எதையும் செய்யத் துணிகின்றனர். இருவருமே மார்க்கத்தின் வரம்பை அறியாதவர்கள்.

மக்காவில் உடைமைகளை விட்டு மதீனா வந்த ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபு (ரலி) அவர்களை, அன்ஸாரியான ஹஜ்ரத் ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்களுக்குச் சகோதரராக ஆக்கினார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். ஸஅது (ரலி) தம் செல்வத்தில் சரிபாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ துஆச் செய்துவிட்டு, கடைவீதி எங்கே என்று கேட்டார்கள். கைனுகா கடைவீதியில் பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று, சில நாட்களிலேயே பேரீச்சங்கொட்டை எடைத் தங்கத்தை மஹராகக் கொடுத்து மணமுடித்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் கண்டிக்கவில்லை. ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா கொடுக்கும்படி ஏவினார்கள்.

ஹஜ்ரத் உர்வத்துல் பாரிகீ (ரலி) அவர்களிடம் ஓர் ஆடு வாங்கிவர ஒரு தீனார் கொடுத்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அவரோ அதில் 2 ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாக துஆச் செய்தார்கள்.

ஆகவே இலாபம் தேடுவது குற்றமன்று. அப்படியானால் குற்றம் எங்கே தொடங்குகிறது? ஸூரத்துல் ஜுமுஆவைப் பாருங்கள். அதன் 10ஆம் ஆயத்து, தொழுகை முடிந்ததும் பூமியில் பரவி அல்லாஹ்வின் அருளைத் தேடும்படி ஏவுகிறது. அடுத்த 11ஆம் ஆயத்தோ, வியாபாரத்தைக் கண்டதும் நாயகம் (ஸல்) அவர்களை நின்ற நிலையில் விட்டுவிட்டு ஓடியதைக் கடிந்துரைக்கிறது. தேடுவது அதே பொருள்தான். கடமையை நிறைவேற்றியபின் தேடினால் அது அருள். கடமையை உதறிவிட்டுத் தேடினால் அது பேராசை.

அடியார்களின் ஹக்கும் இவ்வாறே. ஒரு தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. வாங்குவோர் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள்.

பதுக்கலிலும் வரம்பு தெளிவானது. ஷாஃபிஈ மத்ஹபின்படி, விலை ஏறியிருக்கும்போது உணவுப் பொருளை விற்பனைக்கென வாங்கி, இன்னும் ஏறட்டும் என்று பூட்டிவைப்பது ஹராம். மலிவான காலத்தில் வாங்கி வைப்பதும், தன் நிலத்து விளைச்சலை வைத்திருப்பதும் அதில் சேரா. ஹனஃபீ மத்ஹபில், ஊராருக்கு இடர் தரும் பதுக்கல் தடுக்கப்பட்டது.

இதில் தாய்மார்களுக்கும் பங்குண்டு. அண்டை வீட்டு நகையைக் காட்டிக் கணவரை நெருக்கினால், அந்த நெருக்கடி தராசுத் தட்டில்தான் போய் விழும். “எவ்வளவு கிடைத்தது?” என்று கேட்குமுன், “எப்படிக் கிடைத்தது?” என்று கேளுங்கள்.

வியாபாரப் பெருமக்களே! இரவில் கல்லாவை எண்ணும்போது மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இன்று எந்தத் தொழுகையாவது களாவானதா? சரக்கின் குறையை மறைத்தேனா? நூற்றுக்கு இரண்டரை ஜகாத்தைக் கணக்கிடக் கை கூசுகிறதா? இவற்றுக்கு அஞ்சாமல் பதில் சொல்ல முடிந்தால், நாளையே இரண்டாவது கடையைத் திறவுங்கள்.

அல்லாஹு தஆலா நம் அனைவருக்கும் ஹலாலான ரிஜ்கையும், அதில் பரக்கத்தையும், போதுமென்ற மனத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.