உறையூர்ப் பட்டியல் ஏன் பொருந்தவில்லை?

உறையூர் கைத்தறிக் கடையின் வாடிக்கையாளர் பட்டியலைச் சிஎஸ்வி கோப்பிலிருந்து படிக்கும் பைதான் நிரல் பாதியில் நிற்கிறதா? நிரலில் கை வைக்குமுன் கோப்பைத் திறந்து பாருங்கள். எக்செலில் வேண்டாம். அதில் திறந்து சேமித்தால் தொலைபேசி எண்ணின் முன்னிருக்கும் சுழியம் காணாமல் போகும். நோட்பேடே போதும்.

1,25,000 என்ற தொகை மேற்கோள்குறி இல்லாமல் இருந்தால் மூன்று பத்திகளாக உடையும். நம்மூர்க் கோப்புகளில் முதல் சந்தேகம் இதன்மேல்தான். முதல் பத்தியின் பெயர் மட்டும் அகப்படவில்லை என்றால், கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத யூடிஎஃப்-8 அடையாளக்குறி ஒட்டியிருக்கலாம்.

இந்தப் பட்டியலை வேறொரு பட்டியலோடு ஒப்பிடும்போது தமிழ்ப் பெயர்கள்தான் அதிகம் படுத்தும். ‘சோழன்’ என்பதில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் இடலாம். இரட்டைக்கொம்பு, கால் என இரண்டாகவும் இடலாம். பார்க்க ஒன்றுதான், கணினிக்கோ வெவ்வேறு. ஒப்பிடுமுன் இரு பக்கத்தையும் என்எஃப்சி என்ற ஒரே யூனிகோடு வடிவுக்கு மாற்றுங்கள். ஆங்கிலத்தில் உறையூரைச் சிலர் ‘யூ’விலும் சிலர் ‘டபிள்யூ’விலும் தொடங்குவார்கள். அதற்கு என்எஃப்சி உதவாது. 620003 என்ற அஞ்சல் குறியீட்டையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

பிழை தரும் வரியையும் அதன் மேல்வரியையும் தனிக் கோப்பாக்கிச் சோதியுங்கள். மூலக் கோப்பைத் தொடாதீர்கள்.