திமிங்கலமும் நம் தவறான எண்ணங்களும்

(பி.எஸ்ஸி. விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

ஏலக்காய் மணக்கும் போடிநாயக்கனூரில் இருந்துகொண்டு கடலில் வாழும் திமிங்கலத்தைப் பற்றி எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். காரணம் உண்டு. விடியற்காலையில் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குச் செல்பவர் என் தாயார். ஒருநாள் ஜீப்பில் உடன் வந்த ஒருவர், திமிங்கல வாந்தி கிலோ ஒரு கோடி ரூபாய்க்கு விலைபோகிறது என்றும், ஆளுக்குப் பத்தாயிரம் போட்டால் பங்கு தருவதாகவும் சொன்னாராம். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "ஏய்யா, நீ காலேசுல படிக்கிறியே, இது நெசமா?" என்று கேட்டார். விலங்கியல் மாணவனாகிய எனக்கு அன்று விடை தெரியவில்லை. வெட்கத்தோடு தேடிப் படித்தேன். திமிங்கலத்தைப் பற்றி நாம் அறிந்ததாக எண்ணுவனவற்றுள் பல பிழையானவை என்பது புலனாயிற்று. அவற்றுள் நான்கினை இங்கே காண்போம்.

1. திமிங்கலம் ஒரு மீனா?

'திமி' என்னும் பெருமீனையே விழுங்குவது என்பதுதான் திமிங்கிலம் என்ற வடசொல்லின் பொருள். பெயரே நம்மை ஏமாற்றிவிடுகிறது. திமிங்கலம் மீன் அன்று. பசுவைப் போலக் குட்டி ஈன்று பால் கொடுக்கும் பாலூட்டி. அதற்குச் செவுள் இல்லை, நுரையீரலால் சுவாசிக்கிறது. மீனின் வால் பக்கவாட்டில் அசையும். திமிங்கலத்தின் வாலோ மேலும் கீழுமாக அசையும். தலையின்மேல் பீறிட்டெழுவது அது குடித்த கடல்நீர் என்பதும் தவறு. அது வெளிவிடும் மூச்சேயாகும். மார்கழிக் காலையில் போடிமெட்டில் நின்று பேசினால் நம் வாயிலிருந்து புகை எழுகிறதல்லவா? அதுபோன்றதே இதுவும்.

2. தண்ணீரைவிட்டு வந்ததால் மூச்சடைத்து இறக்கிறதா?

1973 ஜனவரியில் மணப்பாட்டுக் கடற்கரையில் 147 பைலட் திமிங்கலங்கள் கரையொதுங்கின. 2016 ஜனவரியில் அதே திருச்செந்தூர்க் கடற்பகுதியில் எண்பதுக்கும் மேற்பட்டவை ஒதுங்கி, நாற்பதுக்கும் மேற்பட்டவை மாண்டன. மீனாக இருந்தால் மூச்சடைத்து இறந்தன எனலாம். காற்றைச் சுவாசிக்கும் உயிருக்கு அது பொருந்தாது. நீர் தாங்கிக்கொண்டிருந்த உடற்பாரம் கரையில் உள்ளுறுப்புகளை நசுக்குகிறது. தோலுக்கடியில் உள்ள தடித்த கொழுப்பு வெப்பத்தை வெளியேற விடுவதில்லை. மீனவர் படகில் கட்டி இழுத்துக் கடலில் விட்டும் பல மீண்டும் கரைக்கே வந்தன. அவை சாக விரும்பின என்பாரும் உளர். அவ்வாறன்று. இவ்வினம் குடும்பமாக வாழ்வது. கரையில் தவிக்கும் தன் இனத்தை விட்டு எளிதில் அகலாது என்று ஆய்வாளர் விளக்குவர்.

3. அம்பர் என்பது வாந்தியா?

அம்மாவின் கேள்விக்கு வருவோம். எண்ணெய்த் திமிங்கலம் கணவாயை உண்பது. கணவாயின் கூரிய அலகு செரிக்காது. சில திமிங்கலங்களில் மட்டும் அவ்வலகுகளைச் சுற்றிக் குடலில் மெழுகு போன்ற பொருள் திரண்டு கட்டியாகிறது. இதுவே அம்பர். குடலில் உருவாவதால், வாந்தி என்பதைவிடக் கழிவு என்பதே பொருந்தும். வாசனைத் திரவியங்களில் நறுமணம் நெடுநேரம் நிலைப்பதற்கு அம்பர் பயன்பட்டது. அதற்கு ஈடான செயற்கைப் பொருளை வேதியியலார் இருபதாம் நூற்றாண்டின் நடுவிலேயே உருவாக்கிவிட்டனர். மேலும், 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் அம்பரை வாங்குவதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். இது கடற்கரைக்கு மட்டும் உரிய செய்தி அன்று. 2021இல் நம் மலைக்கு அப்பாலுள்ள மூணாறிலேயே அம்பர் வைத்திருந்தவர்களை வனத்துறையினர் பிடித்தனர்.

4. மண்ணெண்ணெய் திமிங்கலத்தைக் காப்பாற்றியதா?

மேலைநாடுகளில் ஒருகாலத்தில் திமிங்கல எண்ணெயால் விளக்கெரித்தனர். 1859க்குப்பின் மண்ணெண்ணெய் பெருகியதால் வேட்டை ஓய்ந்தது என்று பலர் நம்புகின்றனர். உண்மை நேர்மாறானது. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 29 லட்சம் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. நார்வே நாட்டு ஸ்வென் ஃபாய்ன் உருவாக்கிய வெடி ஈட்டியும் நீராவிக் கப்பலும், முன்பு எட்டிப்பிடிக்க முடியாத நீலத் திமிங்கலத்தையும் வீழ்த்தின. வனஸ்பதி செய்வதுபோல், நிக்கல் வினையூக்கியுடன் ஹைட்ரஜனைச் சேர்த்துத் திமிங்கல எண்ணெயையும் கெட்டிக் கொழுப்பாக்கினர். அது மார்கரினாகவும் சோப்பாகவும் ஆயிற்று. ஒரு தேவை போனால் வேறொரு தேவை வந்தது. வேட்டையைக் கட்டுப்படுத்தியது பெரிதும் சட்டமே. வணிக வேட்டையை நிறுத்துவதெனச் சர்வதேசத் திமிங்கல ஆணையம் 1982இல் முடிவெடுத்தது; அது 1986இல் நடைமுறைக்கு வந்தது. எனினும் நார்வே போன்ற நாடுகள் அதை ஏற்கவில்லை. ஜப்பான் 2019இல் ஆணையத்தை விட்டே விலகியது.

இவையெல்லாம் தொலைதூரத்துச் செய்திகள் என்று எண்ண வேண்டா. 1966இல் சோவியத் கப்பல்கள் நம் அரபிக்கடலிலேயே இருநூறுக்கும் மேற்பட்ட கூன்முதுகுத் திமிங்கலங்களைக் கொன்றன. உலகுக்கு மறைத்த உண்மைக் கணக்கை அந்நாட்டு அறிவியலாரே 1990களில் வெளியிட்டனர். அக்கடலில் இன்று அவ்வினம் நூற்றுக்கும் குறைவாகவே எஞ்சியுள்ளதென மதிப்பிடப்படுகிறது. ஆய்வுக்கூட ரெக்கார்டு நோட்டில் வராத அளவை வந்ததாக எழுதத் துணியும் நம் போன்ற மாணவர் சிந்திக்க வேண்டிய இடம் இது.

முடிவுரை

தவறான எண்ணங்களுக்கு விலை உண்டு. திமிங்கலம் அதைத் தன் உயிரால் கொடுத்தது. ஏழைகள் தம் கூலியால் கொடுக்கின்றனர். நான் படித்ததை அம்மாவிடம் சொன்னேன். அவர் மறுநாள் ஜீப்பில் சொன்னார். பணம் எடுத்து வைத்திருந்த மூவர் கொடுக்கவில்லை. முன்னரே கொடுத்துவிட்ட ஒருவருக்கு அது இன்றுவரை திரும்பவில்லை. நான் ஒரு மாதம் முன்னதாகவே படித்திருக்கலாம் என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. நாம் கற்பது தேர்வுக்காக மட்டுமன்று, வீட்டிலும் வீதியிலும் நம்மை நம்பிக் கேட்பவர்களுக்காகவும்தான் என்பதை உணர்வோமாக.