காத்திருக்கும் வீட்டின் விசுவாசம்

வாசிக்க: மாற்கு 2:1–5

புல்மோட்டைக்கு அயலிலுள்ள பதவிய, பதவி சிறிபுர பகுதிகளில், காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் 1990களிலிருந்தே விவசாயக் குடும்பங்களை வாட்டுகிறது. சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தால் இரத்தச் சுத்திகரிப்பு, இல்லையேல் மாற்றுச் சத்திரசிகிச்சை. சுத்திகரிப்பென்றால் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, தடவைக்கு ஏறத்தாழ 4 மணித்தியாலம். திருகோணமலைக்குப் போகும் தூரத்தையும் பஸ் காசையும் இழந்த நாட்கூலியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

காத்திருக்கும் வீட்டார் வாய்விட்டுக் கேட்கக் கூசும் கேள்வியொன்று உண்டு: உறுப்புக்காக ஜெபிப்பது இன்னொருவரின் சாவைக் கேட்பதாகாதா?

ஆகாது. சிறுநீரகத்தை உயிரோடிருப்பவரே கொடுக்கலாம். 1954 டிசம்பரில் பொஸ்டனில் வெற்றிகண்ட முதல் மாற்று, இரட்டைச் சகோதரர் ஒருவர் மற்றவருக்குக் கொடுத்ததே. இறந்தவரிடமிருந்து பெறும்போதும், அந்தச் சாவு நம் ஜெபத்தால் வந்ததல்ல. துக்கத்தின் நடுவில் ஒரு வீட்டார் கொடுக்கச் சம்மதிக்கிறார்கள். 2008இல் சென்னையில் மூளைச்சாவடைந்த ஹிதேந்திரனின் பெற்றோர் அப்படிச் சம்மதித்தார்கள்; அவனது இதயம் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அத்தகைய வீட்டாருக்காகவும் ஜெபிப்போம்.

மாற்கு சொல்லும் சம்பவத்தில் நான்கு பேர் சுமந்து வந்தார்கள். இயேசு கண்டது அவர்களுடைய விசுவாசத்தை. படுத்திருந்தவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை! ஆகவே நோயாளி மனம் சோர்ந்து ஜெபிக்க மறுக்கும் நாளில், "உமக்கு விசுவாசம் போதாது" என்று சொல்லிவிடாதீர்கள்.

கலந்துரையாட: உங்கள் கிராமத்தில் சுத்திகரிப்புக்குப் போகும் வீடுகள் எவை? அடுத்த தடவை கூடப் போவது யார்? அன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சோறு கொடுப்பது யார்?