எந்தக் காயத்துக்கு எந்தத் தோல்?

கொதிக்கிற சாம்பார் கொட்டி அக்காவின் இடது கை வெந்துபோனது. மணிக்கட்டிலிருந்து முழங்கை மடிப்பையும் தாண்டிய புண். "இது தானா ஆறாது, தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்கணும்" என்றார் டாக்டர். "கைப் புண்ணை ஆத்தறதுக்குத் தொடையில இன்னொரு புண்ணா?" என்று கேட்டாள் அக்கா. நியாயமான கேள்வி. ஆனால் அதைவிட அவசியமான கேள்விகள் வேறு இருந்தன. அன்று எங்களுக்கு அவை தெரியவில்லை. நாளை உங்கள் வீட்டில் யாருக்காவது தேவைப்படலாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் கேள்வி, தோல் வைக்காமலே ஆறுமா? சில புண்கள் ஆறும். விரல் நுனியில் ஒரு சென்டிமீட்டருக்குள் சதை போய், எலும்பு தெரியாமல் இருந்தால் சுத்தமான கட்டே போதும். தொடு உணர்ச்சியும் நன்றாகத் திரும்பும். தீக்காயம் அப்படியல்ல. மூன்று வாரத்துக்குள் மூடாது என்று தெரிந்த தீப்புண்ணை ஆறட்டும் என்று விட்டுவைத்தால் தழும்பு தடித்து, சுற்றியுள்ள தோலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

வைப்பது என்று முடிவானால் இரண்டு வகை உண்டு. மெல்லிய ஒட்டு என்பது மேல்தோலும் அதன் அடித்தோலில் ஒரு பகுதியும் மட்டும், ஏறக்குறைய 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் தடிமன். பெரும்பாலும் தொடையில் சீவி எடுப்பார்கள். மயிர்க்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் அங்கேயே தங்கிவிடுவதால், அவற்றிலிருந்து புதுத்தோல் படர்ந்து இரண்டு வாரத்தில் தொடை ஆறிவிடும். தேவைப்பட்டால் அதே இடத்தில் மறுபடியும் எடுக்கலாம். ஆனால் வைத்த இடத்தைவிட எடுத்த இடம்தான் அதிகம் எரியும். முதல் வாரம் அக்கா அழுததெல்லாம் தொடைக்காகத்தான். வலிமாத்திரை கேட்டு வாங்கத் தயங்காதீர்கள்.

முழுத்தோல் ஒட்டில் அடித்தோல் மொத்தமும் வரும். எடுத்த இடத்தில் தானாக முளைக்க எதுவும் மிஞ்சாது, தைத்து மூடவேண்டும். அதனால் அதிகம் எடுக்க முடியாது. காதுக்குப் பின்னால், காறை எலும்புக்கு மேலே, தொடை இடுக்கில் என்று தளர்ந்த தோல் இருக்கும் இடங்களில்தான் எடுப்பார்கள். முகத்துக்குக் காதின் பின்தோல் நிறத்தில் ஒத்துப்போகும். தொடை இடுக்குத் தோல் பின்னால் கறுத்துவிடும். குழந்தைக்கு அங்கிருந்து எடுக்கும்போது ஓரமாகப் பார்த்து எடுக்காவிட்டால், வயதுக்கு வந்தபின் வைத்த இடத்தில் முடி முளைக்கும்.

இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் சுருக்கம். ஒட்டு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு அதிகமாக, பல மாதங்களுக்கு, அது சுருங்கிக்கொண்டே போகும். முதுகிலோ தொடையிலோ அதனால் நஷ்டமில்லை. கீழ் இமை, கழுத்து, விரல், முழங்கை மடிப்பு ஆகியவற்றில் அது பெரிய நஷ்டம். புண்ணின் அளவைப் பார்ப்பதற்கு முன் அந்த இடம் என்ன வேலை செய்கிறது என்று பார்க்கவேண்டும் என்பேன்.

வலை ஒட்டு என்று ஒன்றும் உண்டு. மெல்லிய தோலில் வரிசையாகக் கீறல் போட்டு மீன்வலை மாதிரி விரிப்பது. கொஞ்சத் தோல் அகலமான புண்ணை மூடும், அடியில் கசியும் நீரும் இரத்தமும் கண்கள் வழியே வெளியேறிவிடும். ஆறிய பிறகும் வலைக் கண்கள் தெரியும் என்பதால் முகத்தில் தவிர்ப்பார்கள்.

இனி, புண்ணின் அடியில் என்ன தெரிகிறது? ஒட்டுக்குச் சொந்தமாக இரத்தம் கிடையாது. முதல் இரண்டு நாள் புண்ணில் ஊறும் நீரைக் குடித்தே பிழைக்கும். அப்புறம் நுண்குழாய்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, நாலைந்து நாளில் இரத்தம் ஓடத் தொடங்கும். அதுவரை இம்மி நகர்ந்தாலும் இழை அறுந்துவிடும். உறை போன எலும்பு, உறை போன தசைநாண் இவற்றின் மேல் எந்த ஒட்டும் பிடிக்காது. அங்கே தன் இரத்தக்குழாயோடு திருப்பிவைக்கும் மடல்தான் வழி. இது நம் நாட்டுக் கைவேலை. திப்பு படையிடம் பிடிபட்டு மூக்கறுபட்ட ஒரு மாட்டுக்காரருக்குப் புனே பக்கம் நெற்றித்தோலால் மூக்கு செய்த விவரம் 1794-இல் லண்டன் பத்திரிகையில் வந்தது. அதைப் படித்துத்தான் ஜோசப் கார்ப்யூ என்ற டாக்டர் 1814-இல் அங்கே செய்துபார்த்தார்.

உடம்பில் பாதி வெந்தவருக்கு எடுக்கப் போதிய தோல் இருக்காது. அப்போது கைகொடுப்பது தோல் வங்கி. இறந்தவரின் தோலை ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துக் கிளிசரினில் 5 ஆண்டு வரை வைக்கலாம். இரத்த வகை பார்க்க வேண்டியதில்லை. சில வாரத்தில் உடம்பு அதைத் தள்ளிவிடும், ஆனால் அந்தச் சில வாரம்தான் உயிர். கண்தானம் அறிந்த ஊரில் தோல்தானம் பற்றிப் பேச்சே இல்லாதது எனக்கு வருத்தம். உடலைக் கிழிப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். தொடை, கால், முதுகில் ஒரு மெல்லிய படலம் எடுப்பார்கள், அவ்வளவே.

அக்காவுக்குப் புண் அகலம் என்பதால் மெல்லிய ஒட்டு. ஐந்தாம் நாள் சிஸ்டர் சலைன் ஊற்றி ஊற்றிக் கட்டை நனைத்து, ஒட்டியிருந்த துணியை விரல் அகலம் விரல் அகலமாகத் தூக்கினார். அடியில் ரோஜா நிறம். ஓரத்தில் புளியங்கொட்டை அளவுக்கு மட்டும் கறுப்பு, அங்கே இரத்தம் கட்டியிருந்ததாம். "பிடிச்சிருச்சும்மா" என்றார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம்.

முடியவில்லை. கையை நீட்டிவைக்கும் பட்டையை ஆறு மாதம் இரவில் கட்டச் சொல்லியிருந்தார்கள். வீட்டு வேலை, புழுக்கம், அரிப்பு. மூன்றாம் வாரமே கழற்றிப் போட்டாள். நாலாம் மாதம் முழங்கை பாதிக்கு மேல் நீளவில்லை. மறுபடியும் அறுவை. மடிப்பை வெட்டி விரித்து, அந்த இடைவெளியில் தொடை இடுக்கிலிருந்து எடுத்த முழுத்தோலை வைத்தார்கள்.

இந்தமுறை தினமும் தேங்காய் எண்ணெய் தடவி நீவிவிட்டோம், வெயிலில் சட்டைக்கை இறக்கியே போனாள், இறுக்க உறை போட்டாள். இரவு பட்டையைக் கட்டுவது அவள் பெண்ணின் பொறுப்பு. ஆறு மாதமும் அந்தப் பிள்ளை கட்டிவிட்டுத்தான் படுத்தாள். இப்போது அக்கா மாடிக் கொடியில் எட்டித் துணி காயப்போடுகிறாள், இடது கையால்.